பலூனுக்குள் ஒரு சொல்லை மாற்ற எத்தனை நிமிடம்? கிரிட்டா – இங்க்ஸ்கேப் ஜோடி, தமிழ் வெப்காமிக் போடுவோருக்காக ஒரு மதிப்பீடு

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு எவ்வளவு? 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தொகை 10 லட்சம் ரூபாய். 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2022-இல் இதைப் பற்றி ஓர் அத்தியாயம் வரைந்து இணையத்தில் போட்டவர் இன்று பலூனுக்குள் இருக்கும் அந்த ஓர் எண்ணை மாற்ற வேண்டும். எழுத்தைப் படத்தோடு படமாக ஒட்டிவிட்டிருந்தால், பலூனுக்கு வெள்ளையடித்து, அன்றைக்கு எந்த எழுத்துரு, எந்த அளவு என்று தேடிப் பிடித்து, மறுபடி எழுதி, மறுபடி வெட்ட வேண்டும். பெரும்பாலோர் அந்த வேலையைப் பார்த்ததும் 'இருக்கட்டும், விடு' என்பார்கள். தப்பான தொகை வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சமூகப் பிரச்சினைகளைப் பேசும் தொடர் காமிக்ஸில் கடைசி நேரம்வரை மாறுவது கோடு இல்லை, சொல். தொகை மாறும், சட்டப் பிரிவு மாறும், 'துப்புரவுப் பணியாளர்' என்று எழுதிய இடத்தில் 'தூய்மைப் பணியாளர்' வர வேண்டும், பாதிக்கப்பட்டவரே படித்துவிட்டு 'நாங்க இப்படிச் சொல்ல மாட்டோம்' என்பார். ஆகவே மென்பொருளை அளக்க இங்கே எடுத்துக்கொண்ட அளவுகோல் தூரிகைகளின் எண்ணிக்கை இல்லை. வெளியிடுவதற்கு முந்தைய இரவு பத்து மணிக்கு ஒரு சொல்லை மாற்ற முடிகிறதா, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் கிரிட்டாவில் வரைந்து இங்க்ஸ்கேப்பில் எழுதும் வழி தமிழுக்கு நன்றாகவே பொருந்துகிறது. இரண்டும் இலவசம், இரண்டும் கட்டற்ற மென்பொருள். குறைகளும் இருக்கின்றன, சில எரிச்சலூட்டுபவை.

முதலில் கிரிட்டா. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் உண்டு, ஆனால் நீளமான கான்வாஸில் அது மூச்சு வாங்கும். ஐபேடுக்கு இல்லை. ஐபேடில் மட்டும் வரைபவர்கள் இந்த மதிப்பீட்டின் முதல் பாதியை விட்டுவிட்டு இங்க்ஸ்கேப் பகுதிக்குப் போகலாம்; புரோக்ரியேட்டில் வரைந்த படத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

கான்வாஸ் 1600 பிக்சல் அகலம், 20,000 பிக்சல் உயரம். ஏன் இந்த அளவு என்பது கீழே வரும். இவ்வளவு பெரிய பரப்பில் ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் போன்றது) முழுக்க நிரம்பினால் நினைவகத்தில் 128 எம்பி பிடிக்கும்: 1600 பெருக்கல் 20,000, ஒரு பிக்சலுக்கு 4 பைட். பின்னணி, வண்ணம், நிழல், கோடு என்று நான்கு லேயர் நிரம்பினால் அரை ஜிபி. கிரிட்டா படத்தைச் சிறுசிறு ஓடுகளாகப் பிரித்து வைத்துக்கொள்வதால், ஒன்றும் வரையாத இடத்துக்கு இடம் கேட்காது. அதனால் 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியிலும் ஓட்டிவிடலாம். ஆனால் அமைப்பில் நினைவக வரம்பு கணினியின் பாதி ரேம் என்றுதான் இயல்பாக இருக்கும். அதைத் தாண்டினால் வட்டில் எழுதத் தொடங்கிவிடும், தூரிகை பின்தங்கும். வெள்ளைப் பின்னணியை லேயராகப் பூசாமல் கான்வாஸின் பின்னணி நிறமாகவே விட்டுவிடுவது நல்லது. படத்தை மங்கலாக்கும் ஃபில்டர் மாஸ்க்கையும் உருவை நீட்டி வளைக்கும் டிரான்ஸ்ஃபார்ம் மாஸ்க்கையும் முழு உயரத்துக்கும் போட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். ஒரு கட்டத்துக்கு மட்டும் போடுங்கள், வேலை முடிந்ததும் லேயரோடு கரைத்துவிடுங்கள்.

வண்ணம் நிரப்புவதில் புதியவர்கள், கோடுகளைப் பார்த்துத் தானே நிரப்பும் கலரைஸ் மாஸ்க்கைக் கண்டு மயங்குவார்கள். தனிப் படத்துக்கு அது அருமை, இந்த உயரத்தில் நகராது. அதைவிடக் கோட்டு லேயருக்கு ஒரு நிற அடையாளம் கொடுத்து, ஃபில் கருவியில் 'அந்த நிற லேயர்களை மட்டும் பார்த்து நிரப்பு' என்று சொல்லி, விரிவை (வண்ணம் கோட்டுக்கு அடியில் எவ்வளவு நீளும் என்பதை) 2 பிக்சல் வைத்தால் வேகமாகப் போகும். விரிவு 0 என்று விட்டால் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் இடையே வெள்ளை நூல் ஒன்று தெரியும். பளிச்சென்ற திரையில் தெரியாது. வாட்ஸாப் அமுக்கிய பிறகு அழுக்குப் போலத் தெரியும்.

தொடர் போடுபவர்களுக்குக் கிரிட்டாவில் உள்ள உண்மையான வரம் ஃபைல் லேயர். ரேஷன் கடை முகப்பு, ஊர்த் தேநீர்க்கடை, அரசு மருத்துவமனை வராந்தா என்று திரும்பத் திரும்ப வரும் இடங்களைத் தனிக் கோப்பாக ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, அத்தியாயத்தில் இணைப்பாக மட்டும் சேர்க்கலாம். மூலக் கோப்பைத் திருத்தினால் சேர்த்த இடமெல்லாம் மாறும். அதுவே வம்பும்கூட: முப்பதாவது அத்தியாயத்துக்காகக் கடையின் சுவருக்குப் புது வண்ணம் அடித்தால், ஐந்தாவது அத்தியாயத்தைத் திறக்கும்போது அங்கேயும் சுவர் மாறியிருக்கும். அத்தியாயம் முடிந்ததும் ஃபைல் லேயரைச் சாதாரண லேயராக மாற்றி ஒரு பிரதி சேமித்துவிடுவதுதான் தீர்வு.

காமிக்ஸ் மேலாண்மைக்கென்று ஒரு செருகுநிரலும் கூடவே வருகிறது. பக்கம் பக்கமாகப் புத்தகம் போடுபவர்களுக்குப் பயன்படும். செங்குத்தாக உருட்டிப் படிக்கும் தொடருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். 2023 அக்டோபரில் வந்த 5.2 பதிப்பில் கிரிட்டாவின் எழுத்து இயந்திரத்தையே புதிதாகக் கட்டினார்கள். 'கொ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால்தான் வந்து உட்காரும், உடையாது. ஆனால் 5.2-இல் எழுத்தைத் திருத்தத் தனிச் சாளரம் திறக்கும். அங்கே அடித்து, சேமித்து, கான்வாஸில் எப்படி விழுந்தது என்று பார்த்து, வரி சரியில்லை என்று மறுபடி திறக்க வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு நாற்பது பலூன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓவியத்துக்குள் வரும் 'டமால்', 'சர்ர்ர்' போன்ற ஒலிச் சொற்களைக் கிரிட்டாவிலேயே கையால் வரையலாம். அவற்றை எழுத்துருவில் போட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும். மற்ற எல்லாச் சொல்லும் இங்க்ஸ்கேப்புக்குப் போகட்டும். சுவரொட்டி, பெயர்ப்பலகை, போராட்டத் தட்டி எல்லாம் சேர்த்துத்தான். தட்டியில் இருக்கும் கோரிக்கைதான் பிறகு மாறும்.

இங்க்ஸ்கேப்பில் 1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பல பக்கங்கள் வைக்கும் வசதி அதில்தான் வந்தது, இந்த வழிமுறையே அதை நம்பி இருக்கிறது. ஆவணத்தின் அலகைப் பிக்சலாக வைத்து, பக்க அளவை 1600 x 2000 என்று கொடுங்கள். அப்படிப் பத்துப் பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் 20,000. மேலே சொன்ன கான்வாஸ் உயரம் இதிலிருந்து வந்ததுதான். புதுப் பக்கம் வலப்பக்கத்தில் இடைவெளி விட்டு விழும். இழுத்துக்கொண்டு வந்து முந்தைய பக்கத்தின் அடியில் ஒட்ட வேண்டும். அப்போது பக்கக் கருவியில் 'மேலே உள்ள பொருள்களையும் சேர்த்து நகர்த்து' என்ற பொத்தான் அழுத்தியிருந்தால் படமும் கூடவே ஓடிவிடும். முதல்முறை செய்பவர்கள் பாதிப் பேர் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பக்கங்களை அடுக்கி முடித்த வெற்றுக் கோப்பை வார்ப்புருவாகச் சேமித்து வைத்துக்கொண்டால் இந்த வேலை வாழ்நாளில் ஒருமுறைதான்.

1600க்கு 2000 என்பது நான்குக்கு ஐந்து. ஏற்றுமதியில் தொகுதி முறையில் பக்கங்களைத் தேர்ந்து 64.8 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி; இங்க்ஸ்கேப்பின் இயல்பு 96) கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் 1080 x 1350 ஆக வரும்: இன்ஸ்டாகிராம் அளவு. அங்கே ஒரு பதிவில் 20 படம்வரை போடலாம், நமக்குப் பத்தே போதும். அதே கோப்பில் 48 டிபிஐ கொடுத்தால் 800 x 1000 ஆக வரும்: சொந்தத் தளத்தில் இடைவெளியின்றி அடுக்கினால் ஒரே நீள்பட்டை. ஒரு கோப்பு, இரண்டு வடிவம்.

படத்தைக் கொண்டுவரும்போது 'உட்பொதி' வேண்டாம், 'இணை' என்று தேருங்கள். அப்போதுதான் கிரிட்டாவில் முகபாவத்தைத் திருத்தி அதே பெயரில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்தால், எஸ்விஜி கோப்பை (இங்க்ஸ்கேப் சேமிக்கும் கோப்பை) அடுத்தமுறை திறக்கையில் புதுப் படம் வந்து நிற்கும், பலூன்கள் அசையாது. இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. கிரிட்டா கோப்பின் தெளிவு 300 டிபிஐ என்று இருந்தால் 1600 பிக்சல் படம் இங்க்ஸ்கேப்பில் 512 ஆகச் சுருங்கி இறங்கும். கிரிட்டாவில் கோப்பு தொடங்கும்போதே 96 என்று வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. இரண்டாவது, நடுவில் கான்வாஸ் உயரத்தை மாற்றினால் இணைத்த படம் பழைய சட்டத்துக்குள் நசுங்கி, எல்லோரும் குள்ளமாகத் தெரிவார்கள். உயரத்தை மாற்றவே மாற்றாதீர்கள், மிச்சமிருந்தால் காலியாக விடுங்கள். மூன்றாவது, கோப்புறையை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். எஸ்விஜியும் பிஎன்ஜியும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். இருபதாயிரம் உயரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இங்க்ஸ்கேப் திணறினால், இரண்டு பத்தாயிரமாக வெட்டி இணையுங்கள்.

இப்போது எழுத்துரு. வணிக அச்சகங்களில் பழகியவர்களிடம் அழகழகான பாமினி வகை எழுத்துருக்கள் கிடக்கும். ஆசை காட்டும். ஆனால் அவை யுனிகோடு இல்லை. வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் வசனம் முழுக்க ஆங்கில எழுத்துக் கூளமாக நிற்கும், தேடவும் முடியாது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவச உரிமத்தோடு கிடைப்பவையே போதும். கவிவனார் கையெழுத்துச் சாய்வு கொண்டது, காமிக்ஸுக்கு நெருக்கமானது, ஆனால் ஒரே எடைதான் (எழுத்தின் தடிமன்). அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு அதே நிறத்தில் கோடு சுற்றினால் 'ணை', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். முக்த மலரில் ஏழு எடைகள் உண்டு. சாதுவான முகம், நீண்ட வாசிப்புக்கு ஏற்றது. எங்கள் முதல் தேர்வு அனெக் தமிழ். அதில் எடையோடு அகலமும் கூட்டிக் குறைக்கலாம். நீளமான சொற்கள் கொண்ட மொழிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஒல்லியான கட்டத்தில் பலூன் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகலத்தைக் கொஞ்சம் குறைத்தாலே மூன்று வரி இரண்டு வரியாகிவிடும். அத்தியாயம் முழுக்க அந்த அகலத்தையே வைத்திருங்கள், பலூனுக்குப் பலூன் மாற்றினால் ஆளுக்கொரு குரல் போலத் தோன்றும்.

அளவு: 1600 அகலத்தில் 72 பிக்சலுக்குக் குறையக் கூடாது. 360 அலகு அகலமுள்ள கைப்பேசித் திரையில் அது 16 ஆகச் சுருங்கும். ஆங்கிலக் காமிக்ஸில் இதைவிடச் சிறிதாக வைப்பார்கள், ஏனென்றால் அங்கே எல்லாம் பெரிய எழுத்து. நமக்கு மேலே கொக்கி, கீழே சுழி. வரி இடைவெளியும் அதனால்தான் 1.4 வேண்டும், 1.2 வைத்தால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யோடு கைகுலுக்கும்.

வசனத்தைப் பேச்சுத் தமிழில் எழுதினால் பலூனும் சிறுக்கும். 'கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்' என்பதில் 14 எழுத்து, 'கேட்டுட்டிருக்காங்க' என்பதில் 10. அப்படியும் வரி உடைந்தால் கையால்தான் உடைக்க வேண்டும், இங்க்ஸ்கேப் தமிழ்ச் சொல்லைத் தானாகப் பிரிக்காது. புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. அந்த விதி மீறாவிட்டாலும், 'கேட்டுட்டி / ருக்காங்க' என்று வெட்டினால் வாசகர் ஒரு நொடி தடுக்குவார். 'கேட்டுட்டு / இருக்காங்க' என்று சொல்லையே பிரித்து எழுதிவிடலாம்.

பலூனுக்கு நீள்வட்டம், வாலுக்கு முக்கோணம், இரண்டையும் தேர்ந்து, ஒரே வடிவமாக்கும் 'யூனியன்'. எழுத்து அதன்மேல் தனிப் பொருளாக நடுச்சீரில் இருக்கட்டும். தட்டியில் இருக்கும் எழுத்தைச் சாய்க்க, தேர்ந்த பொருளை மறுபடி ஒருமுறை சொடுக்கினால் வரும் சாய்வுக் கைப்பிடிகள் போதும். எழுத்து எழுத்தாகவே இருக்கும். உறை வளைவு போன்ற விளைவுகளைப் போட எழுத்தை வடிவமாக மாற்ற வேண்டிவரும். மாற்றிவிட்டால் பிறகு அந்தச் சொல்லைத் திருத்த முடியாது. வேறு வழியில்லை என்றால் அசலின் பிரதி ஒன்றை மறைத்த லேயரில் வையுங்கள்.

ஆக, அந்த 10 லட்சத்தை 30 லட்சமாக்க: எஸ்விஜியைத் திற, எண்ணைத் தட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் ஏற்றுமதி செய். தளத்தில் ஒரு படத்தை மாற்றினால் போதும். இன்ஸ்டாகிராமில் போட்டபின் படத்தை மாற்ற முடியாது. அங்கே குறிப்பில் திருத்தம் எழுதி மேலே நிறுத்துவதுதான் வழி.

ஏற்றுமதியில் ஒரு நுணுக்கம். தட்டையான வண்ணம் என்றால் பிஎன்ஜியே சின்னதாக வரும். தூரிகைச் சொரசொரப்பு நிறைய இருந்தால் ஜேபெக் தேவைப்படும், அதை, இங்க்ஸ்கேப் தந்த பிஎன்ஜியைக் கிரிட்டாவில் திறந்து அங்கிருந்து எடுங்கள்: மேம்பட்ட தாவலில் சப்சாம்ப்ளிங்கை (நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் முறையை) சிறந்த தரத்துக்கு மாற்றலாம். இயல்பு நிலையில் விட்டால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஈரச் சுவரில் எழுதியதுபோலக் கசியும். கோபமான வசனங்களுக்குத்தான் அந்த நிறக்கூட்டை எல்லோரும் எடுப்பார்கள்.

இந்த நான்குக்கு ஐந்து பக்கம் சமூகக் காமிக்ஸில் இன்னொரு வேலையும் செய்கிறது. பதிவிலிருந்து ஒரே ஒரு படம் பிய்த்தெடுக்கப்பட்டு வாட்ஸாப்பில் போகும், நீங்கள் தடுக்க முடியாது. சாதித் திமிரோடு பேசும் பாத்திரத்தின் வசனம் ஒரு பக்கத்திலும் அதற்கான பதிலடி அடுத்த பக்கத்திலும் இருந்தால், முதல் பக்கம் மட்டும் தனியாகச் சுற்றி, காமிக்ஸே அந்தத் திமிரைப் பேசுவதாக ஆகிவிடும். வசனமும் மறுப்பும் ஒரே பக்கத்துக்குள் அடங்கும்படி கட்டங்களை முதலிலேயே பிரியுங்கள். தொடரின் பெயரும் அத்தியாய எண்ணும் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் வேண்டும், வார்ப்புருவிலேயே வைத்துவிடலாம்.

பாலியல் வன்முறையைப் பற்றி வரைபவர்கள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவையும், குழந்தைகள் என்றால் போக்சோவின் 23ஆம் பிரிவையும் மனதில் வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயர் மட்டுமில்லை, அவரை அடையாளம் காட்டும் எதுவும் கூடாது: பள்ளிச் சீருடை நிறம், தெருமுனைக் கோயில், செய்திப் படத்தைப் பார்த்து வரைந்த வீட்டு வாசல். கோப்புக்குள்ளும் பாருங்கள். எஸ்விஜி என்பது திறந்து படிக்கக்கூடிய உரைக் கோப்பு. லேயர் பெயரில் உண்மைப் பெயர் இருந்தால் அதுவும் போகும். மறைத்த லேயரும் போகும். இணைத்த படத்தின் முழுப் பாதையும் அதில் பதிவாகும், அதில் உங்கள் கணினிப் பயனர் பெயர் இருக்கும். புனைபெயரில் வரைபவர் மூலக் கோப்பை யாருக்கும் அனுப்பக் கூடாது. கிரிட்டாவின் ஏற்றுமதியில் ஆசிரியர் விவரம் சேர்க்கும் தேர்வு அணைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: யாரும் தொடர் போடக்கூடிய வெப்டூன் கேன்வாஸ் தளத்தில் தமிழுக்குத் தனிப் பிரிவு இல்லை, அதனால் இன்ஸ்டாகிராமும் சொந்தத் தளமும்தான். ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஒரு கருத்துப்படத்தை ஒட்டி விகடனின் இணையதளமே முடக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச்சில் தலையிட்ட பிறகுதான் திறந்தது. பெரிய நிறுவனத்துக்கே அப்படி என்றால், தனிஆள் மூலக் கோப்புகளை வெளி வட்டு ஒன்றிலும் வைத்திருப்பது வீண் பயமில்லை. தளத்தில் படங்களுக்குக் கீழே வசனம் முழுவதையும் உரையாகவும் போடுங்கள், எஸ்விஜியிலிருந்து நகலெடுத்தால் போதும். பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கும் தேடுபொறிக்கும் அதுதான் படிக்கக் கிடைக்கும். நகலெடுக்கும்போது 'கௌ' என்பதில் ஔகாரக் குறி இருக்கிறதா, இல்லை ளகரத்தைத் தட்டி 'கெள' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடினால் கிடைக்காது.

கிளிப் ஸ்டுடியோ பெயிண்டோடு ஒப்பிட்டால்? கோட்டின் வழுக்கு, கட்டம் பிரிக்கும் கருவி, நீள்பட்டையை வெட்டித் தரும் வசதி மூன்றிலும் அது ஒரு படி மேல். பணம் கட்ட முடிந்தவர்கள் கிரிட்டாவின் இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். பலூன் எழுத்துக்கு அப்போதும் இங்க்ஸ்கேப்தான். ஃபோட்டோஷாப்பில் எழுதியே தீருவேன் என்பவர்கள், பழைய பதிப்பு என்றால், அமைப்பில் எழுத்து இயந்திரத்தை உலக மொழிகளுக்கான தேர்வுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் 'கொ' மூன்று துண்டாக நிற்கும்.

அச்சுக்குப் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு: 1600 பிக்சல் 300 டிபிஐயில் பதிமூன்றரை சென்டிமீட்டர். டெம்மி அளவுப் புத்தகத்தின் ஓரங்களைக் கழித்தால் தாராளம். எழுத்து வெக்டராக (புள்ளிகளாக இல்லாமல் வடிவமாக) இருப்பதால் கூர்மையாக வரும். ஆனால் இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப்பில் கறுப்பு, திரைக்கான ஆர்ஜிபி கறுப்பு. அச்சகத்தில் அது நான்கு மையாகப் பிரிந்து, தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுபோய் எழுத்தின் நிறத்தைத் தனிக் கறுப்பாக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.